சோனா நஹீன் படத்துக்கு ஆங்கிலப் பெயர்

நாக்பாடா, பம்பாய்
9.4.86

அன்பு மகன் தாபிஷுக்கு அம்மி சொல்லச் சொல்ல உன் தங்கை ஸீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, லண்டன் குளிரில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உடம்பைத்தான் சொன்னேன், வீடு நன்றாக இல்லை.

அப்பாவின் படத்தை லண்டனில் வெளியிடுவதற்காக நீ தயாரிப்பாளர் லால்வானி சேட்டுக்கு அனுப்பிய ஆங்கிலப் பெயர் வந்து சேர்ந்ததிலிருந்து உன் அப்பா ஓரிடத்தில் உட்காருவதில்லை. டீயை ஊற்றி வைத்தால் பால்கனிக்குப் போகிறார், அங்கே கொண்டுபோனால் மாடிப்படியில் நிற்கிறார். நகைக்கடைக் காவல்காரன் கதைக்கு ‘சோனா நஹீன்’ என்ற பெயர் கிடைத்த அன்று, தூங்காதே என்றும் ஆகும், தங்கமில்லை என்றும் ஆகும் என்று ஈரானி ஓட்டலில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். நீ தங்கமில்லை என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டாய். சேட்டிடம் போய்க் கேட்டிருக்கிறார், அவரோ, வெள்ளைக்காரன் ரெண்டு அர்த்தத்துக்கு ரெண்டு டிக்கெட்டா வாங்கப் போறான் சாஹிப், ஒண்ணு போதும் என்று சிரித்தாராம். அப்போ என் பேரையும் எடுத்துடுங்க சேட், வசனம் எழுதினது யாரோன்னு போட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ரமலான் பிறை தெரிவதற்குள் படத்தின் தொடக்கத்தில் காட்டும் பெயர்களைப் படம்பிடித்துவிடுவார்கள். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய படம், அதில் அவர் பெயர் இல்லாமல் நான் எப்படிப் போய்ப் பார்ப்பேன்.

அர்த்தத்துக்காகத்தான் இந்தக் கோபம் என்று நானும் நினைத்தேன். வாயே திறக்காத ஸீபாதான் ரொட்டி தேய்த்துக்கொண்டே சொன்னாள், பாய்ஜான் தூங்காதேன்னு எழுதியிருந்தாலும் அப்பா இப்படித்தான் இருப்பாரு அம்மி, அவர்கிட்ட யாரும் கேக்கலையே என்று. இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை. நீ பள்ளிக்கூடம் போன நாளில் ஒவ்வொரு படத்தின் பெயரையும் முதலில் உன்னிடம்தானே சொல்லிப் பார்ப்பார், நீ முகம் சுளித்தால் மாற்றிவிடுவார். இப்போது நீ அவரை விட்டுவிட்டு நேராக சேட்டுக்கு அனுப்பினாய். லண்டன் தொரைக்கு என்கிட்ட கேக்க நேரம் ஏது என்று என் காதுபடச் சொல்கிறார், உன்னிடம் சொல்ல மாட்டார்.

பயந்துகொண்டு வேறு பெயர் எழுதி அனுப்பிவிடாதே, அதுவும் கேட்காமல் செய்வதுதான். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழே மருந்துக்கடைக்குப் போன் செய், அப்பாவைக் கூப்பிடச் சொல், என்ன பெயர் போடட்டும் என்று கேள். திட்டுவார், வாங்கிக்கொள். அதற்குப் பிறகு அர்த்தத்தைப் பற்றி இரண்டு பேரும் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

ஷபே பராத் பண்டிகைக்கு அல்வா கிளறும்போது உன்னை நினைத்துக்கொள்வேன். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நீ போகிற வழியெல்லாம் அல்லாஹ் நிழலாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உனக்காகக் காத்திருக்கும் அம்மி

பாய்ஜான், உறைமேல் உங்கள் விலாசத்தை எழுதியது அப்பா. உன் இங்கிலீஷை நம்பினா லெட்டர் லாகூருக்குப் போயிடும், கொடு இப்படி என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஸீபா.