ஏழாம் நம்பர் மலையில் நீ எங்கே

இன்று காலை பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி, "அக்கா, நீங்க ஏழாம் நம்பர் மலைக்குப் போங்க, கன்னு நடணும்" என்றார். உன்னை மூடின மலை, மகளே. மண் இறுகிப் போச்சாம். இனிமேல் தேயிலை வைக்கலாமாம்.

இடுப்பு முடிச்சில் இருந்த சில்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நகத்தளவுதான், கண்ணாடி மாதிரி மினுங்கும். ஆராய்ச்சிக்கூடத்து வேலையிலிருந்து தீபாவளி லீவுக்கு வந்தபோது நீ கையில் வைத்தது.

"சோதிச்சதுல கெட்டுப்போனதும்மா, வெச்சுக்கோங்க."

"ஆத்தாளுக்குன்னா கெட்டுப்போனதுதானா?"

"நல்லதைத் தூக்கிட்டு வந்தா என்னைய வேலையை விட்டுத் தூக்கிருவாங்க."

சிலிக்கனில் செய்ததாம். அதில் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள். அணுவுக்குள்ளே இருக்கிறதை மோதவிட்டால் துகள் சிதறுமாம். அது எந்தக் கட்டத்தைக் குத்திக்கொண்டு போச்சு என்று இந்தச் சில்லு சொல்லுமாம். அடுக்கடுக்காக வைத்தால், புள்ளியைச் சேர்த்துப் போன தடத்தையே பிடிக்கலாம் என்றாய்.

"நம்ம கோழித் திருடனையும் காட்டுமா?"

"அவன் இம்புட்டுப் பெருசு, இதுல அடங்க மாட்டான்மா!"

இனிமேல் கட்டப்போகிற மெஷினுக்காம். எப்போ ஓடும் என்றேன். "நான் கிழவியானப்புறம்" என்று சிரித்தாய்.

அன்றைக்கே நாம குடியிருந்த லயத்துப் பின்சுவரில் வெடிப்பைப் பார்த்ததும் நீதான். ஆபீசுக்குப் போய்ச் சொன்னதும் நீதான். "மழை விடட்டும், பார்ப்போம்" என்றார் தோட்டத்துத் துரை. மழை விடவில்லை. மறுநாள் நான் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கும்போதே, நீ உள்ளே இருக்க, மலை சரிந்து நம்ம லயம் மண்ணோடு போய்விட்டது. மண் அள்ளுகிற மெஷின் கொண்டுவந்து அங்கே தோண்டினார்கள், இங்கே தோண்டினார்கள், நான் அழுதுகொண்டே கை காட்டின இடத்திலும் தோண்டினார்கள். மற்றவர்களை எடுத்தார்கள். உன்னை எடுக்கவில்லை. பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

தூசிக்கும் தூசி போன தடத்தைக் காட்டுகிற சாமானைச் செய்தவள் நீ. ஆளாக வளர்ந்த உன்னை எங்கே என்று காட்ட இங்கே ஒரு நாதி இல்லை.

இன்று காலை கங்காணியிடம், போக முடியாது என்றேன்.

"அப்ப இன்னைக்குப் பேரு விழாதுக்கா. எத்தனை காலத்துக்கு அந்த மலையைச் சும்மா போட்டு வைப்பாங்க?"

"சம்பளம் போனாப் போகுது. நீ போய் நடு."

கன்று நட ஒரு முழம் குழி தோண்டணும் மகளே. எந்த இடத்தில் அலவாங்கைக் குத்துவேன், சொல்லு? நீ கொடுத்ததில் மண்ணுக்குள் போகாதது இந்தக் கெட்டுப்போன சில்லு ஒன்றுதான். முடிச்சை இறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நாளைக்கும் கூப்பிடுவார். நாளைக்கும் முடியாது என்பேன்.