பதினேழு ஒன்றுகள்

மார்ச் 3

அன்புள்ள தராசுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி? இங்கே பள்ளிச் சீருடை தைக்கிற பருவம். பட்டன் வைத்தே விரல் மரத்துவிட்டது.

அது கிடக்கட்டும். நூலகத்தில் ஒரு கணிதப் பத்திரிகையைப் புரட்டினேன். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருமே நம் எண், அது 2071723-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதாம்! வீட்டுக்கு ஓடிவந்து நானே வகுத்துப் பார்த்தேன். வகுபடுகிறதடி.

அதை மீதியில்லாமல் வகுக்கிற ஓர் எண்ணைத் தேடிப் பத்தொன்பது வருஷமாகக் கையால் வகுக்கிறோம். ஒன்றிலும் ஏழிலும் முடிகிற பகா எண்கள் எனக்கு, மூன்றிலும் ஒன்பதிலும் முடிவது உனக்கு. இது உன் பங்கு. நீ தபாலில் அனுப்பிய பழைய மீதிப் பட்டியல்களைத் தேடி எடுத்தேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தாளில் இதற்கு நேரே ‘மீதி 12’ என்று உன் கையெழுத்து. அது எப்படி?

ஊசி

மார்ச் 11

அன்புள்ள ஊசி,

எடைமேடையில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, அவசரமாக எழுதுகிறேன். மனுஷிதானே, கண் அசந்திருக்கும். இதற்குப் போய் இவ்வளவா? முழங்கால் பரவாயில்லை. யாரோ கண்டுபிடித்தாயிற்று, விடு.

தராசு

மார்ச் 16

தராசுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை, கவனித்துக்கொள்.

யாரிடம் கதை அளக்கிறாய்? கூட்டல் தப்பினால் சாப்பாடு இறங்காத ஆள் நீ. அந்தத் தாளில் மற்ற முப்பது மீதிகளையும் வகுத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. இது ஒன்றுதான் பொய். யாரிடம் கொடுத்தாய்? என் பெயரை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுதியது நீதானா? பதினோரு வருஷம் என்னை வெட்டியாக வகுக்க விட்டு உள்ளுக்குள் சிரித்தாயா? உண்மையைச் சொல். சொல்லாவிட்டால் இதுவே கடைசிக் கடிதம்.

ஊசி

மார்ச் 24

அன்புள்ள ஊசி,

யாரிடமும் சொல்லவில்லை. மீதி பூஜ்யம்தான் வந்தது. மூன்று தரம் வகுத்தேன். தபாலில் போடக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. உன் கணவர் உன்னை விட்டுப் போன மாதம் அது. ‘இந்த எண் மட்டும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, எண் முடிந்தது என்று எப்படியடி எழுதுவேன்? 12 என்று போட்டேன்.

நீ கொஞ்சம் தேறியதும் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் எனக்கே பயம் வந்துவிட்டது. எண் முடிந்தால் நீ எனக்கு எதற்கு எழுதுவாய்? அதனால் நானும் நிறுத்தாமல் வகுத்துக்கொண்டே இருந்தேன், வேண்டுமானால் சரிபார். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தராசு

ஏப்ரல் 19

அன்புள்ள கள்ளிக்கு,

சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அதனால் அழுதேன். உன்னால் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன். கோபம் இன்னும் போகவில்லை.

அடுத்த எண்: இருபத்துமூன்று ஒன்றுகள். ஒன்றையும் அதையும் தவிர எதனாலும் இது வகுபடாது என்று அதே பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்தத் தடவை மூன்றும் ஒன்பதும் எனக்கு; உன்னை நம்ப முடியாது. மாதக் கடைசிக்குள் முதல் பட்டியலை அனுப்பு.

ஊசி