நூற்றுக்கு ஒன்று என்கிறார் சம்பந்தி

ஜூன் 4

மகளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. பிரசவம் இங்கேயா, அவள் மாமனார் இருக்கும் நாட்டிலா என்பதை நான் சொல்ல வேண்டுமாம். நேற்று மாடி வீட்டிலிருந்து மகளும் மருமகனும் சேர்ந்தே இறங்கி வந்து கேட்டார்கள்.

"அப்பா, வாழ்க்கை பூரா புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர் நீங்க. மாமா சொல்ற கணக்கு சரியான்னு பாருங்க. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறோம்."

ஜூலை பாதிக்குமேல் எந்த விமானத்திலும் அவளை ஏற்ற மாட்டார்கள். அதற்குள் சொல்ல வேண்டும்.

சம்பந்தியின் கணக்கு எளியது. இந்தத் தொற்று வந்தவர்களில் இங்கே நூற்றுக்கு நான்கு பேர் இறக்கிறார்கள். அங்கே நூற்றுக்கு ஒருவர். ஆகவே அவர் மகனும் மருமகளும் உடனே கிளம்ப வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம்? எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். வரிசைப்படுத்தாமல் நான் காய்கறி வாங்கக்கூடப் போனதில்லை.

1. யாரை நோயாளி என்று எண்ணுகிறார்கள்.
2. நோயாளிகளின் வயது.
3. எந்தச் சாவை இந்த நோயின் கணக்கில் எழுதுகிறார்கள்.
4. ஆஸ்பத்திரியில் படுக்கை, ஆக்சிஜன்.
5. தொற்று எங்கே முந்தி வந்தது, எங்கே பிந்தி வந்தது.
6. சம்பந்தி இதைத் தினமும் சொல்வது பெருமைக்காக. (இது காரணம் ஆகாது. ஆனால் மனத்தில் இருப்பதை எழுதாமல் விட்டால் அது மற்ற ஐந்தையும் கெடுத்துவிடும்.)

எனக்கே ஓர் எச்சரிக்கை. மகள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசைக்குச் சாதகமாக வரும் எதையும் இரண்டு தடவை சோதிக்க வேண்டும்.

ஜூன் 5

மாலை ஆறு மணி. வழக்கம்போல் சம்பந்தியின் ஃபோன்.

"சம்பந்தி! உங்க ஊர்ல இன்னிக்கு எவ்வளவு?"

"நாலு... நாலு புள்ளி ஒண்ணு இருக்குங்க."

"இங்க ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு! கேக்குதா?"

கேட்கிறது. கப்பல் எஞ்சின் அறையில் காலம் தள்ளியவர்; எஞ்சினோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். ஓய்வு பெற்றபின் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். அவர் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் ஃபோனைக் கை நீளும் தூரத்தில் பிடித்துக்கொள்வேன். அப்படியும் எதிர்வீட்டுப் பல் டாக்டருக்குக் கேட்கிறது. காலையில் லிஃப்டில் விசாரித்தார்: "அந்த ஒண்ணு என்ன ஆச்சு சார்? இன்னும் ஒண்ணுதானா?"

சம்பந்திக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன. "சரிங்க, உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்லூரியில் மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ஊமைப்படம். கடைசி பெஞ்சுக்கு என் குரல் போய்ச் சேர்ந்ததே இல்லை.

ஜூன் 9

முதல் காரணம் பிரமாதமாக அமைந்துவிட்டது!

மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறவர்களை மட்டும் ஒரு நாடு சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நாடு பஸ் ஏறுகிறவன் மூக்கில்கூடக் குச்சி விடுகிறது. லேசாக வந்து போனவர்களெல்லாம் இரண்டாவது நாட்டில் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவார்கள். வகுக்கும் எண் பெருத்தால் விகிதம் இளைத்துவிடும். நோய் அதே நோய்தான்.

இதை மனைவிக்கு விளக்கினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "கடிச்ச நாயை மட்டும் புடிச்சு எண்ணினா, உலகத்துல எல்லா நாயும் கடிக்கிற நாய்தான். இதுக்கா இவ்வளவு நேரம்?"

இதைச் சொல்ல நான் வருடா வருடம் ஒரு கரும்பலகையை நிரப்பியிருக்கிறேன்.

ஜூன் 11

இரண்டாம் தடவை சோதித்தேன். சோதிக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு நாடுகளிலும் ஆயிரம் பேருக்கு இத்தனை சோதனை என்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. வேறு இரண்டு நாடுகளுக்கு நடுவே இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். எனக்கும் சம்பந்திக்கும் நடுவே இது நிற்கவில்லை.

"நாய் உதாரணம் வீணாப் போச்சு" என்றேன் மனைவியிடம்.

"பரவாயில்ல, கட்டிப் போட்டு வைங்க. எப்பவாவது உதவும்."

ஜூன் 13

மூன்றாவதும் போயிற்று. வீட்டில் இறந்தாலும் ஆஸ்பத்திரியில் இறந்தாலும் இரு நாடுகளும் ஒரே மாதிரிதான் எழுதுகின்றன.

ஜூன் 14

இன்று சம்பந்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ஒண்ணுகூட இல்ல சம்பந்தி! ஒண்ணுக்கும் கீழ போயிடுச்சு!"

வாழ்த்துச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

எண்ணைச் சொன்ன பிறகும் அவர் வைப்பதில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். இன்று, "பின்னால என்ன சத்தம்?" என்றார்.

"பாத்திரம் கழுவறாங்க. கதவைச் சாத்தட்டுமா?"

"வேணாம் வேணாம். கழுவட்டும்."

கொஞ்ச நேரம் இருவரும் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். விசித்திரமான மனிதர்.

ஜூன் 17

நான்கு, ஐந்து இரண்டும் கையை விரித்துவிட்டன. படுக்கைகள் இங்கேயும் நிரம்பவில்லை, அங்கேயும் நிரம்பவில்லை. தொற்றும் இரு இடங்களுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்திருக்கிறது. படுக்கை கிடைக்காத நாட்டில் நான்காவது எவ்வளவு பெரிய காரணமாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அது இல்லாமல் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கையில் மிச்சம் இருப்பது வயது மட்டும்.

மகளை அனுப்பத்தான் வேண்டுமோ? மாடியில் அவள் நடக்கிற சத்தம் இப்போதெல்லாம் மாறியிருக்கிறது. குதிகால் அழுந்த நடக்கிறாள். அது கேட்காமல் இந்த வீடு எப்படி — சரி, இது கணக்கில் சேராது.

ஜூன் 20

நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

நோய் வந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்தேன். எழுபதுக்கு மேற்பட்டவர்களில் இங்கே நூற்றுக்கு எட்டுப் பேர் இறக்கிறார்கள். அங்கேயும் எட்டு! இளையவர்களில் இங்கே ஆயிரத்தில் ஒருவர். அங்கேயும் ஆயிரத்தில் ஒருவர்! வயதுக்கு வயது பார்த்தால் இரண்டு நாடும் இரட்டைப் பிள்ளைகள்.

பிறகு எப்படி நான்கும் ஒன்றும்? இங்கே தொற்று முதலில் முதியோர் இல்லங்களுக்குள் புகுந்தது; நோயாளிகளில் பாதிப் பேர் கிழவர்கள். அங்கே வேலைக்கு வந்த இளைஞர்கள் தங்கும் விடுதிகளில் புகுந்தது. பத்தில் ஒருவர்தான் கிழவர். யாரைப் பிடித்தது என்பதில்தான் வித்தியாசம். பிடித்த பிறகு இரண்டு இடத்திலும் அதே கைதான்.

எவ்வளவு அழகான விஷயம்! ஆனால் என் ஆசைக்குச் சாதகம். ஆகவே நாளை மறுபடி.

ஜூன் 21

மறுபடி சோதித்தேன். நிற்கிறது.

ஜூன் 22

சாப்பாட்டு மேசையில் மூன்று பேருக்கும் விளக்கினேன். மருமகன் ரசித்துக் கேட்டார். மகள் பாதியில் கொட்டாவி விட்டாள். அவளுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் கொட்டாவி வருகிறது.

மனைவி மட்டும் விடவில்லை. "சரிங்க. நம்ம பொண்ணு எந்த வரிசை?"

"இளையவங்க வரிசை. எங்க இருந்தாலும் ஆயிரத்துல ஒண்ணு. கர்ப்பிணின்னா கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்."

"நீங்க?"

"எழுபதுக்கு மேல."

"சம்பந்தி?"

"அவரும்."

"அப்போ இந்தக் கணக்குல பயப்பட வேண்டியது யாரு? அவளா, நீங்க ரெண்டு பேருமா?"

தண்ணீர் குடித்தேன்.

எப்படியோ, விகிதத்தைக் காரணம் காட்டி மகள் போகவும் வேண்டாம், அதையே காரணம் காட்டி நான் அவளை நிறுத்தவும் வேண்டாம் என்று சொன்னேன். என் குரலே எனக்குக் கொஞ்சம் நேர்மையாகக் கேட்டது. அவள் உடனே, "அப்போ நான் இங்கயே பெத்துக்கறேன்பா. இந்த டாக்டரம்மா கைதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். முடிந்தது.

முடியவில்லை. சம்பந்திக்கு யார் சொல்வது? மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னா அப்பா கத்துவார் மாமா" என்றார் மருமகன். "உங்ககிட்டன்னா மரியாதையாக் கத்துவார்."

ஜூன் 23

பேச வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு ஃபோனை எடுத்து, "நாலு புள்ளி ரெண்டு" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 24

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 26

சொல்லிவிட்டேன். காகிதத்தைப் பார்த்தே படித்தேன்.

"அப்போ இந்த ஒண்ணு பொய்யா சம்பந்தி?"

"பொய் இல்லைங்க. உண்மைதான். ஆனா அது விடுதிப் பையன்களோட ஒண்ணு. நம்ம வயசுக்கு அங்கயும் எட்டு, இங்கயும் எட்டு."

"எட்டா?"

"ஆமாங்க."

"சரி" என்றார். மெதுவாகச் சொன்னார். பாத்திரச் சத்தத்துக்குக்கூடக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாதத்தில் ஜெயித்திருக்கிறேன். வாய் கசக்கிறது.

ஜூன் 27

ஆறு மணி. ஃபோன் வரவில்லை.

ஜூன் 28

வரவில்லை. மருமகன் அழைத்தால் எடுத்து, "நல்லா இருக்கேன்டா" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறாராம். வாசலில் செருப்புப் போடும்போது பல் டாக்டர், "என்ன சார், ரெண்டு நாளா ஒண்ணையே காணோம்?" என்றார். அவருக்குக்கூட என்னவோ போல் இருக்கிறதாம்.

ஆறு மணி ஆகப்போகிறதே என்று எத்தனை நாள் நடுங்கியிருக்கிறேன். இன்று ஆறு மணி ஆன பிறகு நடுங்குகிறேன். நான் சொன்ன கணக்கு சரி. அதைத் தனியாக இருக்கும் மனிதரிடம் காகிதத்தைப் பார்த்துப் படித்தது சரியா?

ஜூலை 1

நானே அழைத்தேன். சம்பந்தம் ஆன நாளிலிருந்து நானாக அழைத்தது இன்றுதான். எடுத்ததும் அவர் கேட்டது, "யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. சும்மாதான்."

பிறகு அவரே பேசினார். அந்தக் குரல் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்காது. எனக்கே ஃபோனைக் காதோடு அழுத்த வேண்டியிருந்தது.

"இந்த மாடியில நான் மட்டும்தான் சம்பந்தி. சாப்பாடு வாசல்ல வெச்சுட்டு மணியடிச்சுட்டு ஓடிடறான். ஒண்ணுதான், ஒண்ணுதான்னு தினம் உங்ககிட்ட சத்தமாச் சொல்லிட்டு வெச்சா, அது எனக்கே சொல்லிக்கிட்ட மாதிரி. அன்னிக்குத் தூக்கம் வரும். பசங்க வந்து கூட இருந்தா நல்லா இருக்கும்னு கேக்க வாய் வரலை. அதான் கணக்கைக் கேட்டேன்."

நான் என்ன யோசித்தேன் என்று தெரியவில்லை. வரிசைப்படுத்தவில்லை.

"கிளம்பி வாங்க!" என்றேன்.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

"நாலு இருக்கற ஊருக்கா?"

"எட்டுல இருந்து எட்டுக்குத்தாங்க வர்றீங்க. இங்க கதவைத் தட்டிப் பாக்க ஆள் இருக்கு. பாத்திரச் சத்தம் நாள் பூரா இருக்கு."

சிரித்தார். ஃபோனைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தேன். எவ்வளவு நிம்மதி!

ஜூலை 2

பிரயாணத்தில் இருக்கும் ஆபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். சிறியதில்லை. போட்ட பிறகும் வரச் சொன்னது சரியென்றே படுகிறது. முகக்கவசம், ஜன்னலோர இருக்கை, விமானத்தில் எதையும் சாப்பிடக் கூடாது என்று அவருக்குச் சொல்ல வரிசை தயார்.

ஆகஸ்ட் 3

சம்பந்தி வந்து சேர்ந்தார். இரண்டு வாரம் தனியாக இருக்க வேண்டும். நம் வீட்டிலும் மாடி வீட்டிலும் அது முடியாது. பல் டாக்டர் தன் வீட்டை ஒட்டி மூடிக்கிடக்கும் கிளினிக் அறையைக் கொடுத்தார். "ஒண்ணுன்னு கத்தறவர் இவர்தானா? முகத்தைப் பாக்கணும்னு இருந்தேன்" என்றாராம். பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் சம்பந்திக்குக் கட்டில்.

ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுக்கவே தேவையில்லை, இரண்டு கதவு தாண்டி நேராகவே கேட்டது. "சம்பந்தி! இந்த நாற்காலி கப்பல்ல கேப்டனுக்குக்கூடக் கிடையாது!"

ஆகஸ்ட் 17

கிளினிக்கிலிருந்து வெளியே விட்டாயிற்று. சோதனையில் ஒன்றுமில்லை. மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை வராமல் நின்றார். "மாமா, உங்களுக்கா பேச்சு வரலை?" என்றாள் அவள்.

செப்டம்பர் 16

பேத்தி. தாயும் சேயும் சுகம். டாக்டரம்மாவின் கை நல்ல கைதான்.

செப்டம்பர் 19

குழந்தை மாடிக்கு வந்துவிட்டாள். சம்பந்தி நேற்றிலிருந்து கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறார். ஒரு தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை ஓடினார். எனக்கோ அவர் கிசுகிசுப்பது சரியாகக் கேட்பதில்லை, "என்னங்க? என்னங்க?" என்று நான் குரலை உயர்த்தி மகளிடம் திட்டு வாங்குகிறேன். மாணவர்கள் பார்த்தால் நம்ப மாட்டார்கள்.

சாயங்காலம் தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம். ஆறு மணி ஆயிற்று.

"இன்னிக்கு எவ்வளவு சம்பந்தி?" என்று காதருகே கேட்டார்.

"பாக்கலைங்க."

"நானும் பாக்கலை."

இறங்கி வந்து ஜூன் 4-ஆம் தேதிக்குத் திரும்பிப் படித்தேன். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து ஆகியவை எங்கள் இரண்டு நாடுகளுக்கும் பொருந்தவில்லை. அதனால் அவை தவறு என்று ஆகாது, வேறெங்கோ உண்மையாக இருக்கும். இரண்டாவதான வயது பொருந்தியது. இந்த ஐந்தையும் சோதித்தேன்; ஆசைக்குச் சாதகமாகத் தெரிந்ததை இரண்டு தடவை.

சம்பந்தி பெருமைக்காகச் சொல்கிறார் என்ற ஆறாவதை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. அதுவும் என் ஆசைக்குச் சாதகமாக இருந்ததுதான்.

ஆறாவது தவறு.