சரோவுக்கு உப்பில்லாமல்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. அடுப்பு மேடையைக் காலி செய்தேன். மேலே இருந்தவை: பழைய செய்தித்தாள்கள், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறியின் உடைந்த இறக்கை, எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து இன்னும் பிரிக்காத குக்கர். நாங்கள் சமைத்ததே இல்லை என்று சொன்னால் பொய்யாகாது. காப்பி, நூடல்ஸ், காய்ச்சல் வந்தால் கஞ்சி. மற்றதெல்லாம் கீழே காப்பிக்கடை. ஓய்வு பெறும்வரை, ஆசிரியர் நான் பள்ளிக்கூடத்திலிருந்து, மனைவி சரோ கப்பல் அலுவலகத்திலிருந்து, ஆளுக்கொரு பொட்டலத்தோடு வருவோம். மகள் மீனாவையும் அப்படியே வளர்த்துவிட்டோம்.

இப்போது சரோவின் சிறுநீரகம். டாக்டர் சொன்னது: வெளிச் சாப்பாட்டை நிறுத்துங்கள், உப்பைக் குறையுங்கள், மாதக் கடைசியில் இரத்தம் பார்ப்போம். சிறுநீரகத்தின் வேலை இன்னும் இறங்கினால் டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும். உணவு ஆலோசகரைப் பார்க்க ஆகஸ்டில்தான் இடம். அதுவரை நாங்களேதான்.

ஜூலை 8, செவ்வாய்

கால அட்டவணை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். காய் வாங்குவது நான். நறுக்குவது சரோ, ஸ்டூலில் உட்கார்ந்து. படுக்குமுன் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு தட்டுகூடக் கிடக்கக் கூடாது, எறும்பு வருகிறது.

சரோ படித்துவிட்டு, "ரீசஸ் எப்ப சார்?"

முதல் சமையல். சோறு குழைந்தது. பீன்ஸ் பொரியல், உப்பே இல்லை. மார்க் எவ்வளவு என்று கேட்டேன்.

"பத்துக்கு ரெண்டு. அதுல ஒண்ணு கையெழுத்துக்கு."

இரண்டு வாய் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

நேற்றும் இன்றும் அதேதான். தட்டில் கோலம் போடுகிறாள், சாப்பிடவில்லை. வளையல் முழங்கைவரை போகிறது.

மாலை குப்பை போடக் கீழே போனேன். காப்பிக்கடைத் தூணுக்குப் பின்னால் சரோ. முன்னால் மீ கோரெங், உப்பும் எண்ணெயுமாக வறுத்த நூடல்ஸ். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள், பரீட்சையில் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"ஒரு வாய்தாங்க."

எதிரே உட்கார்ந்தேன். பட்டினி கிடந்தால் ஒரு ஆபத்து, சாப்பிட்டால் இன்னொன்று. வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு தொட்டியைத் தேய்த்தேன். எறும்பு இன்னும் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தேக்கா சந்தை. கூட்டம் தாங்கவில்லை. முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி. மளிகைக்கடை அலமாரியில் ஒரு பாக்கெட்: சோடியம் குறைத்த உப்பு. இத்தனை நாள் என் கண்ணில் படாமல் போயிற்றே. கடைசிப் பெஞ்சுப் பையன் திடீரென்று எழுந்து சரியான விடை சொன்னால் ஓர் ஆசிரியருக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சாம்பார். அந்த உப்புப் போட்டு. காய் வெந்த தண்ணீரையும் வீணாக்காமல் ரசமாக்கினேன், சத்து அதில்தானே.

சரோ இரண்டாம் முறை சோறு கேட்டாள். மார்க் ஏழு.

ஜூலை 18, வெள்ளி

நல்ல வாரம். தட்டுகள் அன்றன்றைக்கே கழுவியாகிறது. சரோ அடுப்பைத் துடைத்துத் துணியை மடித்துக் காயப்போடுகிறாள், இவள்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பைத் தாராளமாகவே போடுகிறேன், நல்ல உப்புதானே. நேற்று எட்டு மார்க்.

மீனா செங்காங்கில் தன் வீட்டிலிருந்து வந்தாள். "உண்மைய சொல்லுங்கப்பா, கடையில வாங்கி சட்டியில ஊத்திட்டீங்கதானே?"

"போடி. உங்கப்பா காலையில எந்திரிச்சு புளி கரைச்சாரு லா," என்றாள் சரோ, ஏதோ நான் வீடு கட்டிய மாதிரி.

சரோவுக்குக் கால் பஞ்சு மாதிரி இருக்கிறதாம். வெயிலாக இருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

மருத்துவமனை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் குளியலறை வாசலில் சரிந்துவிட்டாள். கண் விழித்திருக்கிறது, கால் எழும்பவில்லை. ஆம்புலன்ஸ். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, கொஞ்சம் விட்டிருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார்கள். என்னென்ன சாப்பிட்டார்கள் என்று தாதி கேட்டார், தமிழ்ப் பெண். சொன்னேன். உப்பைப் பற்றிப் பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அங்கிள், அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியந்தான் இருக்கு. கிட்னி சரியில்லாதவங்க தொடவே கூடாது. காய் வெந்த தண்ணியையும் கொட்டிடணும். யார் வாங்கினது?"

கட்டிலிலிருந்து சரோ: "நாங்கதாம்மா. ரெண்டு பேரும்."

அவள் தேக்காவுக்கே வரவில்லை.

இரவு, மாற்றுடை எடுக்க வீட்டுக்குப் போனபோது உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுதியிருக்கிறது, சின்ன எழுத்தில், தெளிவாக. கேள்வியை முழுக்கப் படி, பிறகு எழுது. எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.

ஜூலை 26, சனி

நேற்று வீடு திரும்பினோம். அடுப்படிக்குள் கால் வைக்க முடியவில்லை. எதைத் தொட்டாலும் விஷம் என்று தோன்றுகிறது. மஞ்சள்கூட. கீழே போய் இட்லி வாங்கி வந்தேன். சரோ தட்டைத் தள்ளினாள்.

"இது எதுக்கு?"

"என்னால முடியாது சரோ. சாப்பாடு அனுப்புற ஆள யாரையாச்சும் பாப்போம்."

"ஒரு கணக்குத் தப்பா போட்டா பிள்ளைய ஸ்கூலை விட்டே அனுப்பிடுவீங்களா?"

"கணக்கு தப்பினா ஆளு சாகாது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பீன்ஸை எடுத்தாள். நறுக்கினாள். துண்டுகள் ஒன்று விரல் நீளம், ஒன்று அரை விரல். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தாதி சொன்னபடி வடித்துக் கொட்டினேன். பச்சை வாசனையோடு ஆவி முகத்தில் அடித்தது. மிளகு, எலுமிச்சை இரண்டு சொட்டு. உப்பு எதுவும் இல்லை.

மார்க் மூன்று. தட்டு காலி.

ஜூலை 29, செவ்வாய்

தூக்கமில்லை. சரோ உறங்கும்போது மூச்சைக் கவனிக்கிறேன். பகலில் வேலை இருக்கிறது, பரவாயில்லை. ஐஸ்பெட்டி துடைத்தேன். அட்டவணையில் "ரசம்" என்றிருந்ததை அடித்தேன். எறும்பு போய்விட்டது.

ஜூலை 31, வியாழன்

இரத்த முடிவு. இன்னும் இறங்கியிருக்கிறது. உடனே டயாலிசிஸ் தேவையில்லை. ஆனால் கையில் ஒரு சின்ன அறுவை செய்து, டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக்குழாயைத் தயார்ப்படுத்த வேண்டும்.

அந்த உப்பினாலா என்று கேட்டேன். அதனால் மட்டும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த "மட்டும்" என்னோடு ரயிலேறி, வீடு இருக்கும் ஆங் மோ கியோ வரை வந்தது.

அதே தாதிதான் இன்றும். "ஆன்ட்டி, எந்தக் கைல வைக்கலாம்? அந்தக் கையால அப்புறம் கனம் தூக்கக் கூடாது."

சரோ இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள்.

"இடது கைல வைங்கம்மா. வலது கையால சாப்பிடணும். இவரு இப்பதான் சமைக்கக் கத்துக்கிறாரு."

வீடு. மணி ஐந்து. புடலங்காய். வடிக்கப் பெரிய சட்டி வேண்டும், அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. கனமான சட்டி, இனி நான்தான் கீழே எடுக்க வேண்டும்.