சவரிமுத்துவுக்கு வாங்கிய பாட்டுப் பெட்டி

பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிற என் சவரி மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததுமே இதை எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டு மட்டும் எழுதியிருப்பேன். இப்போது எழுதுவதில் மன்னிப்பும் இருக்கிறது, உன் மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இரண்டையும் நீ வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி. நான் நயினார்கோவில் பக்கத்துக்காரன். எழுபத்து நாலில் தங்கச்சிமடம் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் வாத்தியாராக வந்து, உன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினேன். உன் மனைவி அந்தோணியம்மாள் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து நீ எனக்கு மச்சான். நீ விசைப்படகு டிரைவர். முப்பது வருடத்துக்கு மேல் உன் காலுக்கடியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் படுத்தால் சத்தமில்லாமல் உனக்குத் தூக்கம் வராது என்று அந்தோணியம்மாள் கேலி செய்வாள்.

உனக்குப் பாட்டில்லாமலும் ஆகாது. படகில் நீ வைத்திருந்த டேப் ரெக்கார்டர்கள் எத்தனை? உப்புக்காற்று இரண்டைத் தின்றது. மூன்றாவதில் கேசட்டின் நாடா ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பாடுகிறவர் அழுகிற மாதிரிக் கேட்டது. அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். நான் ஓய்வு பெற்ற வருடம் அது. மகள் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருந்தாள். அதோடு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நாடாவே இல்லாத பெட்டி ஒன்று வந்திருக்கிறதாமே என்றாய். மறுநாள் இருவரும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது படமும் ஓடுகிற பெரிய பெட்டி. நீ அதைத் தொடக்கூட இல்லை. "இதுல படம் பாத்துக்கிட்டே படக ஓட்டுனா கச்சத்தீவுலதான் போயி நிப்பேன். எனக்குப் பாட்டு மட்டும் போதும்" என்றாய். கடையே சிரித்தது. நான் வாத்தியார் புத்தியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளேயே சார்ஜ் ஏறுகிற பெட்டி வேண்டாம், நடுக்கடலில் தீர்ந்தால் என்ன செய்வாய்? சின்ன பேட்டரி ஒன்று போட்டால் ஓடுகிறது வேண்டும்; மாற்று பேட்டரியை மடியில் முடிந்துகொள்ளலாம். வலைக்கயிறு அறுத்துத் தடித்துப் போன உன் விரலுக்கு, அழுத்தினால் அழுத்தியது தெரிகிற பொத்தான் வேண்டும். கடைசியில் விரல் நீளத்தில் ஒரு எம்.பி.3 பிளேயரை எடுத்தோம். ஒரு ஜி.பி. இடம். ஈரம் படாமல் பாலிதீன் பைக்குள் வைத்து, ஒயரை மட்டும் வெளியே விட்டு, வாயை ரப்பரால் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாய், கடைக்காரர் சொன்ன நானூறு பாட்டு இத்தனூண்டு பெட்டிக்குள் எப்படிப் போகும் என்று. நான் கருவாட்டை வைத்துச் சொன்னேன். ஒரு கூடை மீனைக் காயவைத்தால் கால் கூடையாகிறது. தலை, வால், செதில் எல்லாம் இருக்கும், நீர் போயிருக்கும். பாட்டையும் அப்படி வற்றவைத்துத்தான் உள்ளே அடுக்குகிறார்கள். அந்த வற்றலுக்குக் கம்ப்யூட்டரில் ஓர் எண் உண்டு. அறுபத்து நாலு என்றால் சுக்காய்க் காய்ந்தது. முந்நூற்று இருபது என்றால் ஏறக்குறைய பச்சை மீன். அறுபத்து நாலில் நானூறு பாட்டு பிடிக்கும், முந்நூற்று இருபதில் எண்பது கூடத் தேறாமல் போகலாம். காய்ந்ததை மறுபடி பெரிய எண்ணில் ஏற்றினால் இடம்தான் அடையும், போன நீர் வராது.

எண்ணிக்கை ஆசையில் நான் அறுபத்து நாலிலேயே ஏற்றிக் கொடுத்தேன். நானூறு பாட்டு. மாதா பாட்டும் சினிமாப் பாட்டும் கலந்து.

ஒரு மாதம் கழித்து வந்தாய். "மச்சான், பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பாட்டுல நடுவுல சலங்கை வரும்ல, அதக் காணோம்" என்றாய். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மச்சானுக்குக் கருவாட்டைக் கொடுத்துவிட்டோமே என்று, சி.டி. தேடி வாங்கி, எல்லாவற்றையும் நூற்று இருபத்தெட்டில் ஏற்றினேன். பிறகும் வந்தாய். பாடுகிறவர் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றாய். முந்நூற்று இருபதுக்குப் போனேன். பாட்டு எழுபத்தைந்து ஆயிற்று.

பிறகும் வந்தாய். இயர்போன் மட்டமாக இருக்கும் என்று மதுரையில் வேறு வாங்கினேன், காதுக்குள் ரப்பர் செருகி அடைத்துக்கொள்கிற மாதிரி. எஞ்சின் சத்தத்தை அது வெளியே நிறுத்தும், நீ ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்கலாம் என்று விளக்கினேன். பெட்டிக்குள் மெல்லிய ஓசையைத் தூக்கிவிடுகிற வசதி ஒன்று இருந்தது. அதையும் ஏற்றி வைத்தேன். அப்படி ஒருநாள் உன் காதில் இருந்ததைக் கழற்றி என் காதில் வைத்தபோது ஊசி குத்தியது போல வலித்தது. ஒலி கடைசிப் படியில் இருந்தது. கடலில் கேட்கிறவன் கூட்டித்தான் வைத்திருப்பான் என்று நினைத்துக் குறைத்துக் கொடுத்தேன். சவரி, நாம் அப்போது என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சத்தம் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை. எனக்கு ஏன் அது உறைக்கவில்லை?

கடைசியாக வந்தபோது காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாய். "இப்ப சரியாயிருச்சு மச்சான். சலங்கை கேக்குது" என்றாய். நான் அன்று சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போன சில நாளில் நீ போய்விட்டாய். வலையின் வாயை விரித்துப் பிடிக்கிற கனத்த பலகையை மேலே ஏற்றும்போது கம்பி வழுக்கியிருக்கிறது. பலகை ஊஞ்சல் போலப் படகுக்குள் வந்திருக்கிறது. நீ டிரைவர் கூண்டிலிருந்து வெளியே வந்து கடலைப் பார்த்து நின்றிருந்தாய். பின்னாலிருந்து இரண்டு பேர் உன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். நீ திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார்: "வாத்தியார் வாங்கிக் குடுத்துச்சுல்ல ஒரு எம்பித்ரீ, அதக் காதுல அடைச்சுக்கிட்டு நின்னுருக்காரு. அப்புறம் எங்கிட்டுக் கேக்கும்?" நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ரப்பர் செருகியது என்று பார்த்து வாங்கியவன் நான். வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது என்று கடையில் சொன்னதற்காகவே வாங்கினேன்.

அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அடுத்த வீடுதான், நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். அந்தோணியம்மாள் வாசலில் நின்றால் பின்கட்டு வழியாக வெளியே போனேன். வருட பூசைக்குக் கோவிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஆட்கள் கலைவதற்கு முன்னால் வந்துவிட்டேன். என் கை பட்டுத்தான் நீ செத்தாயா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

போன வாரம் அவளே ஆள் அனுப்பினாள். போனேன். உட்காரச் சொன்னாள். உட்காராமலே கேட்டுவிட்டேன், அன்றைக்கு உன் காதில் அது இருந்ததா என்று. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறந்து பாலிதீன் பையை எடுத்து வந்தாள். ரப்பர் கட்டியபடியே இருந்தது.

"அன்னைக்கு இத அவுக கொண்டே போகலண்ணே. தடைக்காலம் முடிஞ்சு ஒரு நாளும் கொண்டு போகல. பாட்டு கேட்டாத்தான கொண்டு போறதுக்கு."

பாட்டு சரியாகிவிட்டதாக அவனே சொன்னானே என்றேன்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் ஊரு ஊராப் போயி அலைஞ்சீகள்ல, அதப் பொறுக்காமச் சொன்னாக. அவுகளுக்குக் காது போயி மூணு வருசமாச்சு. உங்ககிட்ட வந்து பாட்டு சரியில்ல சரியில்லன்னாகளே, எதுக்குன்னு நெனச்சீக? பெட்டிதான் கோளாறுன்னா காது நல்லாருக்குன்னு ஆகும்ல. அந்த ஆசைதான்."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

உன்னை அவள் டாக்டரிடம் கூப்பிட்டாளாம். காது கேட்காதவனை நம்பி யார் படகைக் கொடுப்பார்கள் என்று சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று மாதா படத்தின் மேல் அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். ஊரில் என் மேல் பழி பேசியது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. சத்தியத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வராததை, அவள் மேல் எனக்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் ஒரு வருடம் இப்படி இருந்திருக்கிறோம், மச்சான்.

இதற்குத்தான் உன் மேல் கோபம் என்றேன். ஆனால் அந்தக் கோபம் நீளமாக நிற்கமாட்டேன் என்கிறது. முப்பத்திரண்டு வருடம் ஒலி என்ற பாடத்தை நடத்தியவன் நான். நொடிக்கு இருபது தடவையிலிருந்து இருபதாயிரம் தடவை வரை அதிரும் ஒலிகள் மனிதக் காதுக்குக் கேட்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பெரிய இரைச்சலில் வருடக்கணக்கில் நிற்கிறவனுக்கு கீச்சென்று ஒலிக்கிற மேல்படி ஓசைகள்தான் முதலில் போகும் என்றும் படித்திருக்கிறேன். சலங்கை அந்த மேல்படியில்தான் இருக்கிறது. நீ வந்து அதையேதான் சொன்னாய். நான் பாட்டைச் சோதித்தேன், பெட்டியைச் சோதித்தேன், ஒயரைச் சோதித்தேன். உன் காதை ஒரு நாளாவது பார்த்தேனா? கடல்காரன் என்றால் சத்தமாகத்தான் பேசுவான், சத்தமாகத்தான் கேட்பான் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் பழகிப்போயிருக்கிறது. வாத்தியாருக்கும் பழகிவிட்டது.

அந்தோணியம்மாள் ஆள் அனுப்பியதற்குக் காரணம் வேறு. நீ ஓட்டிய படகை இப்போது ஓட்டுவது அவள் தம்பி யாகப்பன். அவன் டி.வி. வைக்கிற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கிறது என்றாள். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டாளாம். சத்தியத்தை உடைத்து என்னிடம் சொல்லலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

யாகப்பன் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். நேற்றுக் கடலுக்குப் போகவில்லை. வலை கிடந்த இடத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காதுக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கு என்றான். சரி, விளையாட்டாக ஒன்று செய்வோம் என்று அவனுக்குப் பின்னால் போய்ப் பத்தடி தள்ளி நின்றேன். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில், அவனோடு படித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தன் பெயர் வரும்போது அவன் உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவன் சிரித்தபடி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

யாகப்பன், என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் திரும்பி, "என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றான்.

வலை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது. பீடி அணைந்துபோயிற்று. படகு போய்விடுமே சார் என்று உன் பேச்சையேதான் அவனும் பேசினான். கடைசியில் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வாரேன் சார். ஆனா நீங்களும் கூட வரணும்" என்றான். உன்னைப் பற்றி எழுதப்போவதைச் சொன்னபோது, தன் பெயரையும் போட்டே எழுதச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் காது டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அந்தோணியம்மாளும் வருகிறாள். டாக்டர் என்ன சொன்னாலும் படகு முதலாளியிடம் யாகப்பனைத் தனியாகப் போகவிட மாட்டேன். பக்கத்தில் நான் நிற்பேன். அதன் பிறகு இந்தக் கரையில் எஞ்சினோடு நிற்கிற ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று பெயர் வாசிப்பேன். பைத்தியம் என்று சொன்னால் சொல்லட்டும். திரும்பாதவனைத் திரும்பும்வரை கூப்பிடுவேன். உனக்கு நான் செய்யாமல் விட்டதற்கு இது ஈடாகாது. ஆனாலும் செய்வேன், மச்சான்.

அந்தோணியம்மாளின் அண்ணன்,
உனக்கு மச்சான்,
நாகநாதன்