ரோமாபுரிக்கு வண்டி பேசிய அல்போன்ஸ்

சேசு மரி சூசை துணை

அரூர்
14-4-86

அன்பு மகள் தெரசாவுக்கு அம்மா மிக்கேலம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி ஞானராஜ் மூன்று பேரும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் போன கடிதத்தில் எழுத்தெல்லாம் சாய்ந்து சாய்ந்து ஓடுகிறது, நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் எழுதினாயா, இல்லை காய்ச்சலை என்னிடம் மறைக்கிறாயா, உள்ளதைச் சொல்லிவிடு. முதலில் தந்தி விஷயம். தந்தி என்றதும் இங்கே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நீ அழுதிருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லையடி. அப்பா இதோ வாசலில் நின்று மரவள்ளிக்கிழங்கு வியாபாரியோடு சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். உன் பாஸ்போர்ட்டை அந்த அல்போன்ஸ் கையில் கொடுக்காதே என்பதுதான் தந்தி. தபாலாபீஸ் வெங்கடாசலம்தான் அதை இங்கிலீஷில் எழுதினார். ஒரு வார்த்தையைக் குறைத்துவிடலாமே அம்மா என்றார். கொடுக்காதே என்பதில் காதே போய்விட்டால் என் குடியே போய்விடும், ஒன்றையும் குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஞானராஜை அங்கேயே நிற்க வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். வெங்கடாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ எழுதினதை நான் இத்தனை தரம் படித்ததில் தாளே மடிப்பில் கிழிந்துவிட்டது. லீவில் வரும்போது நீயும் உன்கூட வேலை செய்யும் அந்த இரண்டு மலையாளப் பெண்களும் ரோமாபுரிக்குப் போய் போப்பாண்டவர் பூசை வைக்கிற ராயப்பர் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள், நல்லது, கேட்டபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் குவைத்தில் கோயில் வாசலில் பழக்கமான அல்போன்ஸ் என்பவர் அங்கே ஓட்டல் பேசிவிட்டார், வண்டி பேசிவிட்டார், அவரே முன்னால் போய் நீங்கள் ஏரோப்ளேன் விட்டு இறங்குகிற இடத்தில் வேனோடு நிற்பார், விசா குத்துவதற்கு மூன்று பேர் பாஸ்போர்ட்டும் அவர் கையில் தரவேண்டும் என்கிறாயே. அந்த ஓட்டலுக்குப் பேர் கிடையாதா? எந்தத் தெரு? கேட்டால் நல்ல ஓட்டல், குடும்பத்தோடு தங்குகிற இடம் என்று சொன்னாராம். எந்த ஓட்டல்காரன் எங்கள் ஓட்டல் மோசம் என்று சொல்வான்? ஆஸ்பத்திரி ஆபீஸில் பூட்டி வைத்திருந்த பாஸ்போர்ட்டை லீவுக்கென்று இப்போதுதான் உன் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கோயில் வாசலில் சிரித்துப் பேசினவனிடம் தூக்கிக் கொடுப்பாயா? கண் காணாத ஊரில் அது இல்லாவிட்டால் நீ யார் என்று யார் சொல்வது?

வேளாங்கண்ணியில் நாம் பட்டது உனக்கு மறந்திருக்காது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு குதிரைவண்டிக்காரன், சாமியார் சீட்டு எழுதிக் கொடுத்த சத்திரத்தின் பேரைச் சொன்னதும், ஐயோ அங்கே அம்மை போட்டிருக்கிறது, கதவை மூடிவிட்டார்கள் என்று உச்சுக்கொட்டினானே, அப்பாவும் பாவம் அவன் நல்லவன் என்று அவன் கொண்டுபோய் விட்ட லாட்ஜில் மூட்டைப்பூச்சிக்கு நடுவில் படுத்துக் கிடந்தோமே. காலையில் பார்த்தால் சத்திரம் திறந்து ஜனம் பல் விளக்கிக்கொண்டிருக்கிறது. வேளாங்கண்ணியிலேயே அப்படி என்றால் ரோமாபுரியில் மட்டும் எல்லோரும் அர்ச்சியசிஷ்டவர்களா? தொப்பூர் பக்கம் நம் பஸ் ஏன் எப்போதும் அந்த ஒரே கடையில் நிற்கிறது, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே தனியாக இலை போடுகிறார்கள், அதற்குத்தான். வண்டி ஓட்டுகிறவன் ஒரு இடத்தைக் காட்டி இங்கே நல்லா இருக்கும் என்றால் யாருக்கு நல்லா இருக்கும் என்று கேள்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உனக்கு நன்மை குடுக்க வந்த சாமியாரையே யாரு எவருன்னு விசாரிச்சவ நீ" என்று என் மேல் பாய்கிறார். ஆமாம், விசாரித்தேன், நற்கருணை கொண்டுவந்தவர் புதிதாக வந்தவர், அங்கி போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். எனக்கு எங்கே உறைத்தது தெரியுமா? அந்த அல்போன்ஸ் முதல் நாள் உன்னைப் பார்த்ததும் "தோத்திரமுங்க சிஸ்டர்" என்று கைகூப்பினார், நம் பக்கத்துப் பக்தி அவரிடம் அப்படியே இருக்கிறது என்று உருகி எழுதியிருக்கிறாயே, அங்கேதான். நாம் தோத்திரம் சொல்வது யாருக்கு? சாமியாருக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும். நமக்குள் ஒருத்தரையொருத்தர் பார்த்தால் நல்லா இருக்கீங்களா என்போம், அவ்வளவுதான். பெந்தெகோஸ்தே சபையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்கள், ஆனால் இவர் மாதா கோயில்காரர் என்றல்லவா சொல்லிக்கொள்கிறார். நர்சுகளைச் சிஸ்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பையன் உன்னைக் கன்னியாஸ்திரீ என்று நினைத்திருப்பான் என்று அப்பா வக்காலத்து வாங்கினார். பூப்போட்ட சேலையும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற ஜடையுமாகக் கன்னியாஸ்திரீயை உங்கள் வம்சத்தில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். வேதக்காரனாக வேஷம் போடுகிறவன்தான் வேதக்காரனைவிட அதிகமாகத் தோத்திரம் சொல்லுவான் என்று எனக்குப் பட்டுவிட்டது.

அதனால் நானும் ஞானராஜும் போன வியாழக்கிழமை ஒகேனக்கல்லுக்கே கிளம்பிவிட்டோம். அங்கேதான் அல்போன்ஸின் அம்மா ராயம்மாள் மீன் வறுத்து விற்கிறார்கள், கடைக்குப் பின்னால் புங்கமரம் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாயே, கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவையும் பையில் வைத்துக்கொண்டேன். தர்மபுரியில் மாறி, பென்னாகரம் வழியாகப் போய் இறங்கினதும் ஒருத்தன் ரூம் வேண்டுமா என்கிறான், ஒருத்தன் ஞானராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் உட்காரு என்கிறான். பரிசல்காரன் ஒருத்தனிடம் ராயம்மாள் கடை எங்கே என்று கேட்டேன். "அக்கரையிலங்கம்மா, பரிசல்ல போனாத்தான் முடியும், ஏறுங்க" என்றான். ஞானராஜ் ஒரு காலைப் பரிசலில் வைத்தும் விட்டான். எனக்குத்தான் பொறுக்கவில்லை, பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டால், "ராயம்மா கடைங்களா, தோ உங்க முதுகுக்குப் பின்னாலங்க" என்கிறாள். பரிசல்காரனுக்கு வெட்கம் வந்தது என்று நினைக்கிறாயா? "ஆத்தையும் சுத்திப் பாத்த மாதிரி இருக்குமேன்னு சொன்னங்கம்மா" என்று பல்லைக் காட்டினான். சொந்த ஜில்லாவில் என்னையே வெளியூர்க்காரி ஆக்கிவிட்டான், பார்.

ராயம்மாளிடம் நான் உடனே எதையும் அவிழ்க்கவில்லை. பிள்ளைக்கு அம்மாவும் உடந்தையாக இருந்தால் என்ன செய்வது? மீன் சாப்பிட வந்தவள் மாதிரி உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். நீ எழுதினது எல்லாம் சரியாக இருந்தது, தெரசா. புங்கமரம் இருந்தது. வலது கையில் எண்ணெய் கொட்டின தழும்பு இருக்கும் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய், இருந்தது. பரிசல் கவிழ்ந்து அப்பா போய்விட்டார் என்றது கூட நிஜம்தான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். "ஒரே பையங்க, அல்போன்சுன்னு பேரு, கொவைத்துல டிரைவரா இருக்கறான்" என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குத் தலை தாழ்ந்துவிட்டது. ஒரு ஏழைத் தாயின் பிள்ளையைத் திருடன் என்று தந்தி வரைக்கும் கொண்டுபோய்விட்டோமே என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடு என்று இன்னொரு தந்தி அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நிம்மதியில்தான் போட்டோவை எடுத்து நீட்டினேன். உங்கள் பிள்ளையும் என் மகளும் ஒரே ஊரில் இருக்கிறார்கள், பாருங்கள் என்றேன்.

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வாங்கியது. வெயிலில் பிடித்துப் பார்த்தது. உங்கள் மூன்று பேரையும் பார்த்தது, நடுவில் நிற்கிறவரையும் பார்த்தது, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தது. அப்புறம் என்னிடம், "எல்லாம் லட்சணமா இருக்கறாங்க. இதுல எம்மவன் எங்கங்க?" என்று கேட்டது. நடுவில் இருப்பவர்தானே என்றேன். "இல்லீங்க, இது யாரு பெத்த புள்ளையோ" என்றது. மூன்று வருஷமாக அந்தப் பையனிடமிருந்து ஒரு கடிதம் இல்லையாம். வேலை மாறியிருப்பான், விலாசம் மாறியிருக்கும் என்று அந்த அம்மாவே தனக்குச் சொல்லிக்கொண்டு கேட்கிறவர்களுக்கு எல்லாம் குவைத்தில் இருக்கிறான் என்று சொல்லி வந்திருக்கிறது. எண்ணெயில் மீன் கருகி நாற்றம் வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் அதை எடுத்துப் போடத் தோன்றவில்லை, ஞானராஜ்தான் எடுத்தான்.

இப்போது புரிகிறதா? புங்கமரத்தையும் அம்மாவின் கைத் தழும்பையும் ஒருத்தன் சொல்கிறான் என்றால், அந்தப் பையனோடு ஒரே ரூமில் பாய் போட்டுப் படுத்து, அவன் ஊர் ஏக்கத்தில் சொன்னதை எல்லாம் கேட்டவனாகத்தான் இருக்கவேண்டும். அந்தப் பையனுடைய பேரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான், பாஸ்போர்ட்டையும் எடுத்திருப்பான், உன் பேரையும் உன் பாஸ்போர்ட்டையும் எடுக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொடுக்காமல் இருந்தால் மாதாவுக்குத் தோத்திரம். கொடுத்துவிட்டிருந்தால் நீ தனியாகப் போய்க் கேட்காதே, சண்டை போடாதே, முகத்தில் காட்டிக்கொள்ளாதே. நேராக மேட்ரனிடமும் அங்கே கோயில் சாமியாரிடமும் போய் இந்தக் கடிதத்தைக் காட்டு, மலையாளப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போ. ஊரிலிருந்து அவசரமாக வரச் சொல்லித் தந்தி வந்திருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும் என்று ஆட்கள் முன்னால் கேட்டு வாங்கு. ரோமாபுரிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. கோயில் கூட்டத்தோடு போ, சாமியார் எழுதிக் கொடுக்கிற மடத்தில் தங்கு. வாடகைக் கார்க்காரன் அந்த மடம் நிறைந்துவிட்டது, இடிந்துவிட்டது, அம்மை போட்டிருக்கிறது என்று என்ன சொன்னாலும் வாசல் வரைக்கும் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நம்பு. கூலியைப் பேசாமல் காரின் கதவைச் சாத்தாதே. ரூமைப் பார்க்காமல் பெட்டியை உள்ளே வைக்காதே. பெட்டி உள்ளே போய்விட்டால் அவன் சொன்னதுதான் வாடகை.

இன்னும் ஒன்று. நாங்கள் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ராயம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. போலீசில் சொல்லச் சொல்லும் என்று நினைத்தேன். இல்லை. "அந்தப் புள்ளைய ஒண்ணும் செய்ய வேணாங்க. எம்மவன் பேரு அவனுக்கு உதவுச்சுன்னா அவனே வெச்சிக்கட்டும். அல்போன்சு இருக்கறானா இல்லையான்னு அது ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றது. பஸ் கிளம்பின பிறகும் கம்பியை விடவில்லை, கண்டக்டர் இறங்கித்தான் விலக்கினார். யாரையும் லேசில் நம்பாத நான் அந்த அம்மா கையைப் பிடித்து, என் மகள் கேட்டுச் சொல்லுவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். முதலில் உன் பாஸ்போர்ட் உன் கைக்கு வரட்டும், நீ அதை ஆபீஸில் திரும்பக் கொடுத்துப் பூட்டச் சொல், அதற்குப் பிறகுதான் சாமியாரை முன்னால் வைத்துக்கொண்டு அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். அந்த அம்மாவின் பிள்ளையைப் பின்னால் தள்ளி உன்னை முன்னால் வைத்து எழுதுகிறோமே என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நான் உன்னைப் பெற்றவள்.

சேசுவும் மாதாவும் உன் தலைமாட்டில் நின்று காப்பார்களாக. வேளைக்குச் சாப்பிடு, உன் கையெழுத்தை நேராக எழுது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் போடு, அதை வேறு யாரிடமும் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்காமல் நீயே போய்ப் போடு. வியாழக்கிழமையிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது உன் பேரோடு அல்போன்ஸ் பேரையும் சேர்த்திருக்கிறோம். நேற்று முடிக்கும்போது அப்பா, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிற பரலோக மந்திரத்தில் அந்தப் பையனைச் சேர்ப்பதா, இறந்துபோய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாக்களுக்காகச் சொல்வதில் சேர்ப்பதா என்று கேட்டார். நீ எழுதும் வரைக்கும் இரண்டிலும் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
பி. மிக்கேலம்மாள்