பொன் உருகிவிட்டது, பிருந்தன்

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மொன்றியல்.
21.10.2019, திங்கள் மாலை

அன்பு மகன் பிருந்தனுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுக் குளிருக்கு மூடிக்கட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். நேற்று நீ தொலைபேசியில் சொன்னதற்கு நேற்றே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் புத்தி சொல்கிறார்கள், அந்த இரைச்சலில் ஒரு தாய் எதைச் சொல்ல, எதை விட. அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார், காகிதத்தை நான் வரும்போது கையோடு கொண்டு வருவேன்.

முதலில் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ திரையில் பார்த்தது பாதிதான். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்க வேண்டும், மாப்பிள்ளை லண்டனில் இருந்தாலும் மாப்பிள்ளை வீடு இதுதான் என்று அப்பா பிடிவாதமாக நின்றது உனக்குத் தெரியும். விடியவே எழும்பிக் குத்துவிளக்கு ஏற்றி, நிறைகுடம் வைத்து, கன்னிக்காலாக நட முள்முருக்கைத் தடியை இங்கே எங்கே தேடுவது என்று கீழே நிற்கும் மேப்பிள் மரத்தில் ஒரு கிளை முறித்துப் பூச்சாடியில் நட்டோம், இலையெல்லாம் நல்ல சிவப்பு, பார்க்க அது ஒரு அழகாகத்தான் இருந்தது. பெண் வீட்டுப் பக்கமாகத் தாட்சாயினியின் பெரியம்மா லோகநாயகி அக்கா ரொக்ஸ்பரோவில் இருந்து மூன்று தட்டுப் பலகாரத்தோடு வந்து சேர்ந்தா. நகை செய்கிற றொசான் தன் அடுப்பும் குழலுமாக வந்து கூடத்தின் நடுவில் இருந்தான். நீ சேர வேண்டும் என்று அப்பா தொலைபேசியை என் பழைய கணிதப் புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் சாய்த்து வைத்து உன்னைக் கூப்பிட்டார். உன் பக்கத்தில் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் பாராளுமன்றக்காரர் போடும் சத்தம் நாங்கள் போட்டிருந்த நாதஸ்வரப் பதிவுக்குள் வந்து விழுகிறது என்று அப்பா தொலைபேசியின் சத்தத்தை முழுவதுமாக அடக்கிவிட்டார். பிழை அங்கேதான்.

றொசான் பொன் நாணயத்தைக் குகை என்கிற மண்கிண்ணத்துக்குள் வைத்து ஊதத் தொடங்க, நீ திரையில் வாயசைக்கிறாய், இரண்டு கையையும் குறுக்கும் மறுக்குமாக ஆட்டுகிறாய். லோகநாயகி அக்கா, "அங்க பார், பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கேல்லை, கை காட்டுறான்" என்றா. நாங்கள் எல்லோரும் திரும்பி உனக்குக் கை காட்டினோம். நீ இன்னும் வேகமாக ஆட்டினாய், நாங்களும் இன்னும் வேகமாக ஆட்டினோம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் இப்பிடிச் சந்தோசப்பட்டு நான் பார்த்ததே இல்லையப்பா" என்றார். அந்த நேரம் பார்த்துப் புகைக்கு வீட்டு அலாரம் அடிக்கத் தொடங்கியது. அப்பா கதிரையில் ஏறி வேட்டித் தலைப்பால் விசுக்க, நான் யன்னலைத் திறக்க, நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லி லோகநாயகி அக்கா கத்த, நிறுத்தப் போன என் கை தொலைபேசியில் பட்டு உன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "உருக்காதைங்கோ! உருக்காதைங்கோ அம்மா! நாளைத் தள்ளிப்போடுவம்!" றொசான் குழலை வாயில் இருந்து எடுத்து, உள்ளே பார்த்து, "அம்மா, அது உருகி உருண்டையா நிக்குது. இனி நான் ஒண்டும் செய்யேலாது" என்றான். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதே, இரண்டும்தான்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பொன் உருக்கினால் பிறகு கலியாண நாளை மாற்றுவதில்லை. இரண்டு வீட்டாரும் துக்க வீட்டுக்குப் போவதில்லை, தாலி கட்டும் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்ப்பதில்லை. வழக்கமாக இது நாலைந்து நாள் விஷயம், தாலி இங்கே செய்து கொண்டுவர வேண்டும் என்பதால் நாங்கள் முந்திச் செய்ததில் உங்களுக்கு மூன்று கிழமை வந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள், வேறு வேறு பெட்டியில் ஏறுங்கள். வீடியோவில் பார்ப்பது கணக்கில் வருமா என்று கேட்டு லோகநாயகி அக்காவும் அப்பாவும் அரை மணித்தியாலம் வாதாடினார்கள், முடிவு இல்லை.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு ஒக்டோபர் முப்பத்தொன்றில் போகுமா, போகாதா, ஒப்பந்தத்தோடா, சும்மாவா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போனால் உன் கொம்பனி உன் பகுதியைப் பிராங்பேர்ட்டுக்கு மாற்றக்கூடும். தாட்சாயினி பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரி, அவளுடைய ஆட்கள் பாரிசில் இருந்து நவம்பர் பத்துக்கு வர வேண்டும், எல்லையில் என்ன கூத்தோ. எந்த நாட்டில் குடியிருக்கப் போகிறேன் என்று தெரியாமல் ஒரு பெண்ணை எப்படிக் கூட்டி வருவது, நாடு ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு செய்வோம் என்கிறாய். இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராசா, முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளை சமன்பாட்டைப் பார்த்ததும், "ரீச்சர், x எவ்வளவு எண்டு தெரியாமல் எப்பிடிச் செய்யிறது" என்று பேனையைக் கீழே வைத்துவிடும். தெரியாததை x என்றே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போ, போகப் போகத்தான் அது வெளிக்கும் என்பேன். உங்கள் பாராளுமன்றம் மார்ச்சில் ஒரு நாள் வைத்தது, ஏப்ரலுக்கு மாற்றியது, பிறகு ஒக்டோபர், இனி தைக்குப் போகுமாம். நாங்கள் ஐயரிடம் ஒரே ஒரு நாள் கேட்டோம், அது அன்றும் நவம்பர் பத்து, இன்றும் நவம்பர் பத்து. ரோட்டு வேலை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் மொன்றியலில் ஒரு கலியாணமும் நடந்திராது, செம்மஞ்சள் கூம்புகளைச் சுற்றித்தான் இங்கே ஊர்வலமே போகிறது.

அலாரச் சத்தத்துக்கு மேல்வீட்டு மதாம் ஜிசெல் செருப்போடு ஓடி வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். நெருப்பு என்று பயந்து வந்தவ, பட்டுச் சேலையும் குத்துவிளக்குமாக எங்களைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டா. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன், பிரெஞ்சு முடிந்த இடத்தில் கையால் சொன்னேன். அவ கதிரையை இழுத்துப் போட்டு, பயற்றம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு தன் கலியாணக் கதையைத் தொடங்கினா. தொண்ணூற்றைந்தில் கியூபெக் கனடாவை விட்டுப் போவதா என்று சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்களே, அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அவவுக்குக் கலியாணமாம். மாப்பிள்ளை ரேமொன் போவோம் பக்கம், அவவுடைய தகப்பன் இருப்போம் பக்கம். கலியாண விருந்தில் சூப் குடித்து முடியும் வரைக்கும் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று தாய் கட்டளை போட்டாவாம், அரைக் கோப்பை சூப்பிலேயே தகப்பன் எழும்பி, "மருமகன், திங்கட்கிழமை நீ வென்றால் என் மகளைப் பார்க்க நான் கடவுச்சீட்டோடு வர வேண்டுமோ" என்று கேட்டாராம். ரேமொன், "வேண்டாம் மாமா, வைன் போத்திலோடு வந்தால் போதும்" என்றாராம். ஒரு வீத வித்தியாசத்தில்தான் முடிவு அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் வந்தது, ஆனால் தங்கள் வீட்டில் இன்றைக்கும் வாக்கெடுப்புத்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. இங்கே வேண்டாம் என்று முடிவு வந்தது, உங்கள் நாட்டில் ஆம் என்று வந்துவிட்டது, இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு இங்கேயும் தேர்தல். அப்பாவும் நானும் ஒரே கட்சி இல்லை, போகும்போது இருவரும் வாய் திறக்கவில்லை, வரும்போது தெப்பனர் மூலைக்கடையில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். பொன் உருகிவிட்டது என்பதற்காக நீ கலியாணம் செய்ய வேண்டாம். வழக்கம் எங்களுக்கு, வாழ்க்கை உங்களுக்கு. உண்மையிலேயே தள்ளிப்போட வேண்டும் என்றால் லோகநாயகி அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதை எங்களிடம் சொல்லாதே, முதலில் அவளிடம் கேள். நேற்று நீ சொன்ன இத்தனை காரணத்திலும் தாட்சாயினி என்ன சொன்னாள் என்பது ஒரு வரி இல்லை. அவளுக்காகப் பயப்படுகிறாய், அவளைக் கேட்கவில்லை. விடை எழுதிவிட்டுக் கேள்வியை வாசிக்கிற பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

புதன் காலை

தொடர்கிறேன். அப்பாவுக்குக் கண்ணாடி அகப்படாமல் மேலே எழுதியதைப் படமெடுக்க நேற்று முழுவதும் முடியவில்லை, அதற்குள் தாட்சாயினி எனக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள். சிரிப்பில் முதல் இரண்டு நிமிடம் அவளால் கதைக்க முடியவில்லை. நேற்று நீ வேலை முடிந்து நேரே அவளுடைய வீட்டுக்குப் போய் மணியடித்தாயாம். அவள் உள்ளே நின்று, "பொன்னுருக்கியாச்சு, முகம் பார்க்கேலாது, அங்கயே நிண்டு கதையுங்கோ" என்றாளாம். நீ படியில் குந்தியிருந்து, கதவில் கடிதம் போடுகிற வெட்டுக்குள்ளால் பிராங்பேர்ட், கொம்பனி, அவளுடைய தாய் தகப்பன், எல்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னாயாம். பக்கத்து வீட்டுக்காரர் திறப்பைத் தொலைத்துவிட்டாயோ என்று வந்து கேட்டாராம். எல்லாம் கேட்டு முடிந்த பிறகு அவள், "இவ்வளவையும் தனிய இருந்து யோசிச்சனீங்கள், என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? நான் பாரிசில பிறந்து லண்டனில வேலை செய்யிற ஆள், மூண்டாவது ஊர் எனக்குப் பெரிய காரியமோ? நாடு பிரிஞ்சாலும் இஞ்ச இருக்கிறதுக்கு எனக்குப் பதிவு கோடையிலயே வந்திட்டுது. பிராங்பேர்ட் எண்டால் என்ர கடவுச்சீட்டில நீங்கள் வாங்கோ" என்று சொல்ல, நீ வெட்டுக்குக் கிட்டக் குனிந்து, "அப்ப பத்தாம் திகதி?" என்று கேட்டாயாம். "பத்தாம் திகதிதான். இப்ப போங்கோ, உதுக்குள்ளால குளிர் காத்து வருது" என்றாளாம். அவளுடைய தாய் தகப்பன் எல்லைக் கூத்துக்குப் பயந்து ஒக்டோபர் முப்பதாம் திகதியே லண்டனுக்கு வந்துவிடுகிறார்களாம், அதுவும் தீர்ந்தது.

நீ காலையில் அனுப்பிய செய்தியில், "எல்லாம் சரி அம்மா, வாங்கோ" என்று மட்டும்தான் இருந்தது, மிச்சத்தை அவள்தான் சொன்னாள், அவளோடு கோபிக்காதே. என் புத்திமதி வந்து சேர முன்னமே நீ எழும்பிப் போய்விட்டாய் பார், படிப்பித்தவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம். மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை, முழுவதையும் அனுப்புகிறேன். அப்பா நேற்றில் இருந்து நாதஸ்வரத்தை நிறுத்தவே இல்லை, வில்லரேயில் இருந்து உன் அக்கா வித்தியா தொலைபேசி எடுத்து, "அப்பா, கலியாணம் லண்டனில, அங்க வந்து போடுங்கோ" என்று பேசுகிறாள்.

நாளைத் தள்ளிப்போட முடியுமா என்று மண்டபக்காரருக்கு நீ கேட்டு எழுதினாய் அல்லவா, அது வேண்டாம் என்று இன்றே எடுத்துச் சொல்லி, பத்தாம் திகதி என்று எழுத்தில் வாங்கி வை. படியில் குளிரில் இருந்த நெஞ்சுக்குச் சுடுதண்ணீர் குடி. நாங்கள் ஆறாம் திகதி வருகிறோம். நாடு எந்தப் பக்கம் போனாலும், நீங்கள் இருவரும் எந்த ஊரில் அடுப்பு மூட்டினாலும், அந்த ஊர் எங்களுக்கும் ஊர்தான். நிறைந்த ஆயுளும் குறையாத சிரிப்புமாக இருங்கள் பிள்ளைகள்.

உன் நினைவோடும் அப்பாவின் ஆசியோடும்,
அம்மா
பே. புஷ்பவதி